அடையாளம் கேட்டேன், மூன்று முறை ஒரே வசனம் வந்தது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

அதிகாலை | டிசம்பர் 7, இரவு 9:40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் வாரம் ஒன்றாக ஏற்றும் அட்வென்ட் திரிகளில் இரண்டாவதை ஏற்றிவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 81 வயது. மறதி நோய் என்று மருத்துவர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அம்மா இறந்த பிறகும் தன் வீட்டை விட்டு வரமாட்டேன் என்று இருந்துவிட்டார். பகலில் ஒருவர் வந்து பார்த்துக்கொள்வார். போன மாதம் ஒரு நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார். யாரோ பார்த்துக் கூட்டிவந்து விட்டார்கள். இனிமேல் அவரைத் தனியாக விட முடியாது. பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம் என்கிறார் அண்ணன். என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆனால் நான் வேலைக்குப் போகிறவள். பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். கணவருக்கும் தயக்கம் இருக்கிறது.

அட்வென்ட் முதல் ஞாயிறன்று ஜெபத்தில், "ஆண்டவரே, நான்காவது திரி ஏற்றுவதற்குள் எனக்கு ஒரு அடையாளம் காட்டும்" என்று கேட்டேன். அந்த வாரமே ஒரே வசனம் மூன்று முறை வந்தது. முதலில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் நாடக ஒத்திகையில், தேவதூதனாக நிற்கும் சிறுவன் வசனத்தை மறந்துவிட்டான். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அடுத்து, தினத் தியானத்தில் அதே வசனம். மூன்றாவது, தோழி அனுப்பிய வாழ்த்து அட்டையில். "மரியாளைச் சேர்த்துக்கொள்ள ஐயப்படாதே."

சேர்த்துக்கொள்ள ஐயப்படாதே. அட்டையில் படித்தபோது கை நடுங்கியது. இது எனக்கான பதில்தானா, அல்லது நானே என் ஆசையை வசனத்தில் படித்துக்கொள்கிறேனா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெழுகு | டிசம்பர் 7, இரவு 9:58

மூன்று முறை, அக்கா! இதற்கு மேல் என்ன வேண்டும்? சிறுவன் சாமுவேலைக்கூடக் கர்த்தர் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் ஆசாரியன் ஏலிக்கே விளங்கியது. கூட்டிவந்துவிடுங்கள். கர்த்தர் வழி திறப்பார்.

வேதப்பாடம் | டிசம்பர் 7, இரவு 10:45

சகோதரி, முதலில் உங்கள் அப்பாவுக்காக ஜெபிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மென்மையாகச் சொல்கிறேன். இது டிசம்பர். மத்தேயு முதல் அதிகாரம் இந்த மாதத்தில் எல்லா இடத்திலும் வரும். நாடகம், தியானம், வாழ்த்து அட்டை எல்லாம் அந்த அதிகாரத்தைச் சுற்றித்தான் இருக்கும். கத்தோலிக்க சகோதரர்கள் ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 18 திருப்பலியில் இதைத்தான் வாசிக்கிறார்கள். ஆகவே மூன்று முறை வந்தது அபூர்வம் என்று சொல்ல முடியாது. அதனால் அது உங்களுக்கு வந்த வார்த்தை இல்லை என்றும் நான் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் பெய்கிற மழை என் வயலிலும் பெய்கிறதே. ஆனால் எண்ணிக்கையை ஆதாரமாக வைக்காதீர்கள்.

அந்த வசனம் வந்த இடத்தைப் பாருங்கள். தனக்கு நியமிக்கப்பட்ட மரியாள் கர்ப்பமாயிருக்கிறாள் என்று அறிந்த யோசேப்பு ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: மரியாளை அவமானப்படுத்தாமல் இரகசியமாகத் தள்ளிவிடுவது. "அவன் இப்படிச் சிந்தித்துக்கொண்டிருக்கையில்" தூதன் வந்தான் என்கிறார் மத்தேயு. யோசிப்பதை நிறுத்திவிட்டு அடையாளத்துக்காகக் கைகட்டி உட்கார்ந்திருந்தவனுக்கு வந்த சொப்பனம் இல்லை அது.

மத்தேயுவில் யோசேப்புக்கு நான்கு முறை சொப்பனத்தில் வழி காட்டப்படுகிறது. சேர்த்துக்கொள், எகிப்துக்கு ஓடு, திரும்பிப் போ, பிறகு கலிலேயா பக்கம் போ. ஒவ்வொன்றும் ஒரே ஒரு அடி. நாலாவது எனக்கு மிகவும் பிடித்தது. ஏரோதின் மகன் அர்கெலாயு யூதேயாவை ஆளுகிறான் என்று கேள்விப்பட்டு யோசேப்பு அங்கே போகப் பயந்தான். அந்தப் பயத்தை யாரும் அவிசுவாசம் என்று கடிந்துகொள்ளவில்லை. அவன் பயந்த திசைக்கே சொப்பனமும் ஒத்துப்போனது. நாட்டு நடப்பைக் கேட்டு வந்த நியாயமான பயத்தையும் தேவன் வழிகாட்டுதலுக்குள் சேர்த்துக்கொண்டார். உங்கள் கணவரின் தயக்கத்தையும் பிள்ளைகளின் படிப்பையும் அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்.

திரும்பி_வந்தவன் | டிசம்பர் 8, காலை 6:15

சகோதரி, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எளிதாக எழுத வரவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும்.

ஒன்பது வருடத்துக்கு முன், இதே அட்வென்ட் காலம். ஒரு கூட்டுத்தொழிலில் சேமிப்பு முழுவதையும் போடலாமா என்று கேட்டு உபவாசம் இருந்தேன். வேதத்தைத் திறந்து கண்ணை மூடி விரல் வைத்தேன். யாபேசின் ஜெபம் வந்தது: என் எல்லையைப் பெரிதாக்கும். பிரசங்கத்தில் போதகர் அதே யாபேசைச் சொன்னார். வழியில் போன வண்டியின் பின்கண்ணாடியிலும் அதே வாசகம். மனைவி வேண்டாம் என்று சொன்னாள். காரணங்களோடு சொன்னாள். கணக்குகளைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். நான் அவளிடம், "தேவன் பேசிவிட்டார், நீ மனித அறிவால் பேசுகிறாய்" என்றேன்.

இரண்டே வருடத்தில் எல்லாம் போனது. பணம் போனதைவிட, அடையாளத்தை வைத்து அவள் வாயை அடைத்தேனே, அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. தேவன் பேசினார் என்று ஒருவன் சொன்ன பிறகு வீட்டில் வேறு யார் என்ன பேச முடியும்?

அப்புறம் அந்த நாட்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அதே மாதத்தில் என் காதில் விழுந்த வேறு வசனங்கள் எத்தனையோ இருந்தன. கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற லூக்கா 14ஆம் அதிகாரத்தை அந்த வாரமே வாசித்திருந்தேன். அதை நான் அடையாளம் என்று எண்ணவே இல்லை. பிடித்ததைப் பொறுக்கிக்கொண்டேன், மற்றதைக் கடந்து போய்விட்டேன்.

உங்களிடம் ஒரே கேள்விதான். அந்த வாரத்தில் இதற்கு எதிராக ஏதாவது காதில் விழுந்ததா?

அதிகாலை | டிசம்பர் 8, இரவு 8:30

சகோதரரே, உங்கள் கேள்வியை நாள் முழுவதும் சுமந்துகொண்டிருந்தேன். விழுந்தது. அதே ஒத்திகையில், அடுத்த காட்சியிலேயே, ஒரு சிறுமி கையை விரித்து உரக்கச் சொன்னாள்: "சத்திரத்திலே இடமில்லை." அதையும் நான்தான் பத்து முறை சொல்லிக்கொடுத்தேன். அது எனக்கான பதிலாக இருக்குமோ என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை.

நீங்கள் எழுதியதற்கு நன்றி. இன்று இரவு கணவரிடம் உட்கார்ந்து, "நீங்கள் என்ன பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டேன். இத்தனை நாளில் முதல் முறையாகக் கேட்டிருக்கிறேன். உன் அப்பா பேரில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நீ உடைந்துபோவாயோ என்றுதான் பயம் என்றார்.

இரவுப்பணி | டிசம்பர் 9, காலை 5:50

பணி முடிந்து வந்து படிக்கிறேன். மறதி நோயாளிகள் இருக்கும் வார்டில் 14 வருடமாக செவிலியாக இருக்கிறேன். அதனால் எனக்கு இரண்டு விஷயம் சொல்லத் தோன்றுகிறது.

லூக்காவில் அடையாளம் என்று தூதன் சொன்னது யாருக்கு? இரவில் முறைபோட்டு மந்தையைக் காத்தவர்களுக்கு. இரவு வேலை பார்க்கிறவள் என்பதால் அந்த இடத்தை நான் ஒருபோதும் வேகமாகப் படிப்பதில்லை. வானம் நிறைய வெளிச்சம், சேனையின் பாட்டு. இதெல்லாம் அடையாளம் இல்லை. "இதுவே உங்களுக்கு அடையாளம்" என்று அவன் சுட்டிக்காட்டியது துணியில் சுற்றிய ஒரு பிள்ளையை. முன்னணையில் கிடக்கும் பிள்ளை. பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றுவது எந்த வீட்டிலும் நடப்பது. மாடு தின்னும் தொட்டியில் கிடத்தியது ஒன்றுதான் வித்தியாசம், அதுவும் ஏழ்மையின் வித்தியாசம். அடையாளத்தைத் தேடுகிற நாம் பெரும்பாலும் அந்த வெளிச்சத்தின் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. மரியாளுக்கும் ஒரு அடையாளம் சொல்லப்பட்டது: அவள் உறவினளான எலிசபெத்துக்கு இது கர்ப்பத்தின் ஆறாம் மாதம். மரியாள் அதை வீட்டில் இருந்தபடியே தியானித்துக்கொண்டிருக்கவில்லை. தீவிரமாய் மலைநாட்டுக்குப் போனாள். போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்பவும் இல்லை. ஏறக்குறைய மூன்று மாதம் அங்கே தங்கினாள். வயதான ஒரு கர்ப்பிணியின் வீட்டில் மூன்று மாதம் என்றால் எவ்வளவு வேலை இருந்திருக்கும்!

ஆகவே சகோதரி, உங்கள் அப்பாவிடம் போங்கள். முடிவு எடுக்க வேண்டாம், நான்கைந்து நாள் போய்த் தங்குங்கள். மறதி நோய் உள்ளவர்களில் பலருக்குப் பொழுது சாயும் நேரத்தில் பதற்றம் கூடும். உங்கள் அப்பா அப்போது என்ன செய்கிறார்? இரவில் எத்தனை முறை எழுகிறார்? கழிப்பறைக்குத் தானே போகிறாரா? விழுந்திருக்கிறாரா? உங்களைத் தள்ளுவதோ திட்டுவதோ உண்டா? இதெல்லாம் தெரியாமல் சரி என்றும் சொல்ல முடியாது, முடியாது என்றும் சொல்ல முடியாது. நல்ல பராமரிப்பு இல்லத்தில் சேர்ப்பது கைவிடுவது ஆகாது. வீட்டிலேயே வைத்துக்கொண்டு, தூக்கமில்லாமல் மனம் கசந்து, பிறகு அந்தக் கசப்புக்காக அழுகிற மகள்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். அன்பு குறைந்தவர்கள் இல்லை அவர்கள். மாற்றிவிட ஆள் இல்லாதவர்கள்.

தொலைநோக்கி | டிசம்பர் 9, மாலை 7:10

இயேசு பிறந்தபோது கிழக்கிலிருந்து சாஸ்திரிகளை வரவைத்த நட்சத்திரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். வானியல் எனக்குப் பைத்தியம், மன்னியுங்கள்.

1603 டிசம்பரில் வானியலாளர் யோகான்னஸ் கெப்ளர் பிராகில் இருந்து வியாழனும் சனியும் நெருங்கி நிற்பதைப் பார்த்தார். கி.மு. 7இல் நடந்த அதே கோள்களின் சேர்க்கையைக் கிறிஸ்துவின் பிறப்போடு தொடர்புபடுத்தி யோசித்தார். அந்த ஒரே ஆண்டில் அவை மூன்று முறை நெருங்கின. 2020 டிசம்பர் 21 அன்று அதே இரண்டு கோள்களும் பத்தில் ஒரு பாகை இடைவெளியில் நின்றதை நான் மாடியில் நின்று பார்த்தேன். 1623க்குப் பிறகு அவ்வளவு நெருக்கம் அப்போதுதான். சாஸ்திரிகள் பார்த்தது இதுதானா என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. என் மனதைத் தொடுவது வேறு. வானத்தில் இருப்பது எல்லார் கண்ணுக்கும் தெரியும். எழுந்து நடந்தவர்கள் சிலரே.

நடந்தவர்களும் நேராகப் போய்ச் சேரவில்லை. ராஜா என்றால் அரண்மனையில்தானே இருப்பார் என்று எருசலேமுக்குப் போனார்கள். அங்கே வேதபாரகர் மீகாவின் தீர்க்கதரிசனத்தை எடுத்துக்காட்டிய பிறகுதான் பெத்லகேம் என்று தெரிந்தது. அடையாளம் அவர்களைப் பாதி தூரம்தான் கொண்டுவந்தது. மீதிக்கு வேதம் வேண்டியிருந்தது, கேட்டுச் சொல்ல ஆள் வேண்டியிருந்தது.

இன்னும் வருத்தமானது, சரியான ஊர் பெயரைச் சொன்ன வேதபாரகர் யாரும் அவர்களோடு கிளம்பிப் போனதாக மத்தேயு எழுதவில்லை. எருசலேமிலிருந்து பெத்லகேம் ஒன்பது, பத்து கிலோமீட்டர் இருக்கும். நடந்தால் இரண்டு மணி நேரம்.

லொயோலா_மாணவன் | டிசம்பர் 10, இரவு 9:05

கத்தோலிக்கன் நான். எங்கள் வழியில் இதைத் 'தெளிந்து தேர்தல்' என்போம். இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 1521 மே மாதம் பாம்ப்லோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். வீரச் செயல்களையும் ஒரு சீமாட்டியையும் பற்றிக் கனவு காண்பார். சில நேரம் புனிதர்களைப்போல் வாழ்வதாகக் கனவு காண்பார். காணும்போது இரண்டுமே இனித்தன. முதலாவது முடிந்த பிறகு மனம் காய்ந்து கிடந்தது; இரண்டாவது முடிந்த பிறகும் மகிழ்ச்சி தங்கியது. கண்முன் தோன்றியதை விட, அது போன பிறகு உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க அவர் கற்றுக்கொண்டார்.

எங்கள் தியானங்களில் சொல்லித்தரும் முறை இது. மூன்று நாள், அப்பாவைக் கூட்டிவர முடிவு செய்துவிட்டதாகவே எண்ணி வாழுங்கள். எழும்போது, வேலையில், படுக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மூன்று நாள், இல்லத்தில் சேர்க்க முடிவு செய்துவிட்டதாக எண்ணி அதேபோல. பயம் இரண்டிலும் வரும். பயத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் அவர் சொல்கிறார். இதே நிலையில் முன்பின் தெரியாத ஒருவர் உங்களிடம் வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கள் என்கிறார். மனம் சோர்ந்து இருண்டிருக்கும் நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்பதும் அவருடைய விதிதான். களைத்துப்போன இரவில் எதையும் முடிவு செய்யாதீர்கள், சகோதரி.

மெழுகு | டிசம்பர் 11, காலை 10:20

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். அக்கா, மன்னியுங்கள். ஆனால் எல்லாரும் எச்சரிக்கையாகவே பேசுவதைப் பார்த்தால், அடையாளம் கேட்பதே தவறு என்று ஆகிவிடுமோ என்று தோன்றுகிறது. அதற்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டும்.

யூதாவின் ஆகாஸ் ராஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். கி.மு. 735 வாக்கில் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் சேர்ந்துகொண்டு எருசலேமைத் தாக்க வருகிறார்கள். தீர்க்கதரிசி ஏசாயா வண்ணார்துறை வழியில் ராஜாவைச் சந்தித்துப் பயப்படாதே என்று சொல்கிறார். பிறகு கர்த்தரே அடையாளம் கேள் என்கிறார். ஆழத்திலிருந்து கேட்டாலும் சரி, உயரத்திலிருந்து கேட்டாலும் சரி. ஆகாஸ் என்ன சொன்னான்? "நான் கேட்கமாட்டேன், நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்." கேட்க எவ்வளவு பக்தியாக இருக்கிறது! ஆனால் அவன் நம்பியது அசீரியாவை. ஆலயத்தின் வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரிய ராஜாவுக்குக் காணிக்கையாக அனுப்பினான் என்று 2 இராஜாக்கள் 16இல் இருக்கிறது. நம்பிக்கையை வேறு இடத்தில் வைத்துவிட்டவனுக்கு அடையாளம் தொந்தரவு. அவன் கேட்காமல் விட்ட இடத்தில்தான் இம்மானுவேல் வாக்குத்தத்தம் வந்தது.

என் அம்மா படுக்கையில் இருந்த வருடம் நான் அடையாளம் கேட்கவே இல்லை. தேவனைச் சோதிக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதில் என்னவாக இருக்குமோ என்று பயந்தேன். அக்கா கேட்டாரே, அந்தத் துணிச்சலை நாம் குறைத்துப் பேசக்கூடாது.

வேதப்பாடம் | டிசம்பர் 11, இரவு 8:00

நன்றாகச் சொன்னீர்கள், மெழுகு. இந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவில்லை.

ஒன்று சேர்க்கிறேன். பிள்ளை பிறக்கும் என்று தூதன் சொன்னபோது எலிசபெத்தின் கணவன் சகரியாவும் கேட்டான், மரியாளும் கேட்டாள். "இதை எதினால் அறிவேன்?" என்றான் அவன். "இது எப்படியாகும்?" என்றாள் அவள். அவனுக்கு வாய் அடைபட்டது, அவளுக்கு விளக்கம் கிடைத்தது. அவன் கேட்டது நம்புவதற்கு முன் வேண்டிய உத்தரவாதம். அவள் கேட்டது செய்வதற்கு வேண்டிய வழி. ஆனால் சகரியாவின் ஊமைத்தனத்தைத் தண்டனை என்று மட்டும் நான் பார்ப்பதில்லை. பேசாமல் இருந்த அந்த மாதங்களுக்குப் பிறகு, சொந்தக்காரர் எல்லாரும் வேறு பெயர் வைக்கச் சொன்னபோது, பலகையில் "இவன் பேர் யோவான்" என்று எழுதினானே. கேட்ட அடையாளம் மௌனமாகக் கிடைத்தது, அந்த மௌனம் அவனைக் கீழ்ப்படிய வைத்தது.

பதில்_இல்லை | டிசம்பர் 14, இரவு 11:30

ஒரு வாரமாக எல்லாவற்றையும் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தெரியவில்லை.

என் மகன் வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம். எங்கே இருக்கிறான் என்று தெரியும், ஆனால் பேசமாட்டான். ஒவ்வொரு அட்வென்ட்டிலும் ஒரு அடையாளம் கேட்கிறேன். பேச வேண்டாம், நலமாக இருக்கிறான் என்று ஏதோ ஒன்று. எந்த வசனமும் மூன்று முறை வரவில்லை. ஒரு முறைகூட வரவில்லை. இன்று மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சியின் ஞாயிறு என்று ரோசா நிறத் திரியை ஏற்றினார்கள். நான் வெளியே வந்து நின்றேன்.

அடையாளம் கிடைத்தவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மன்னியுங்கள்.

வேதப்பாடம் | டிசம்பர் 15, காலை 7:15

மன்னிக்க இதில் ஒன்றும் இல்லை.

நீங்கள் கத்தோலிக்கராக இருந்தால், இது மத்தேயு நற்செய்தியை வாசிக்கும் ஆண்டு என்பதால் நேற்று அந்த மகிழ்ச்சியின் ஞாயிற்றில் வாசித்த பகுதி சிறையில் இருக்கும் யோவானைப் பற்றியது, அதே சகரியாவின் மகன். யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்து, வானம் திறந்தபோது உடன் நின்றவன். அவனே ஆள் அனுப்பி, "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா?" என்று கேட்கிறான். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள் என்று போய்ச் சொல்லுங்கள் என்றார் இயேசு. யோவானுக்குச் சொல்லப்பட்ட அடையாளங்கள் எல்லாம் மற்றவர்களுக்கு நடந்தவை. அவனுடைய சிறைக்கதவு திறக்கவே இல்லை. அதை நான் எப்படி விளக்கினாலும் பொய்யாகிவிடும்.

1943இல் பெர்லினில் தேகெல் சிறையில் இருந்தபோது ஜெர்மன் போதகர் தீத்ரிக் போன்ஹோஃபர் நவம்பர் 21 தேதியிட்ட கடிதத்தில், சிறை அறை அட்வென்ட்டுக்குச் சரியான ஒப்பீடு என்று எழுதினார். காத்திருக்கிறோம், ஏதேதோ செய்கிறோம், கதவோ வெளியிலிருந்துதான் திறக்கும். அவரும் விடுதலையாகி வெளியே வரவில்லை.

இதோ உங்கள் அடையாளம் என்று எதையும் உங்களுக்குக் காட்ட எனக்குத் துணிவு இல்லை. நீங்கள் வெளியே வந்து நின்ற இடத்தில், உங்கள் பக்கத்தில் நானும் நிற்கிறேன் என்று மட்டும் எண்ணிக்கொள்ளுங்கள்.

இரவுப்பணி | டிசம்பர் 15, காலை 8:40

என் பணியில் இரவு மூன்று மணிக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். இன்றிலிருந்து அந்த நேரம் உங்கள் மகனுக்கு. பெயர் சொல்ல வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும்.

அதிகாலை | டிசம்பர் 19, இரவு 10:10

ஐந்து நாள் அப்பாவோடு தங்கிவிட்டு இன்று திரும்பினேன். பதில்_இல்லை என்று எழுதியவருக்கு முதலில்: அங்கே ஒவ்வொரு இரவும் உங்கள் மகனையும் நினைத்தேன்.

இரவுப்பணி சகோதரி சொன்னபடி எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். மாலை ஐந்து மணிக்கு மேல் அப்பா ஆளே மாறிவிடுகிறார். அம்மாவைத் தேடுகிறார். ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்க்கிறார். இரவில் மூன்று, நான்கு முறை எழுகிறார். கழிப்பறைக்கு வழி தெரியாமல் நிற்கிறார். என்னைப் பல நேரம் 'அம்மா' என்று கூப்பிடுகிறார். ஒரு முறை கையை ஓங்கினார். பிறகு அதே கையால் என் தலையைத் தடவினார்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். நான்கு வருடமாக நாங்கள் மனம் விட்டுப் பேசியதில்லை. அவருக்கு அப்பா மேல் அன்பில்லை என்று நான் நினைத்திருந்தேன். "நான் தூங்கும்போது அப்பா மறுபடி வெளியே போய்விட்டால் என்ன செய்வேன்?" என்று சொல்லி அண்ணன் அழுதுவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம்தான்.

கடைசி நாள் மாலை அப்பா பதற்றமாக இருந்தபோது, பிறப்புக் காட்சி பொம்மைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஆடுகளை, மேய்ப்பரை எல்லாம் ஒதுக்கிவிட்டார். குழந்தையை மட்டும் எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, நிதானமாக, மடிப்பு கலையாமல் அதைச் சுற்றினார். "பிள்ளைக்குக் குளிருது" என்றார். இருட்டும் வரைக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அன்று அவர் அம்மாவைத் தேடவில்லை.

இதை அடையாளம் என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

மெழுகு | டிசம்பர் 19, இரவு 10:25

அக்கா, நான் அழுதுகொண்டிருக்கிறேன்.

திரும்பி_வந்தவன் | டிசம்பர் 20, காலை 6:05

சகோதரி, படித்து மனம் நெகிழ்ந்தது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் கைக்குட்டையை வைத்து யாரையும் சம்மதிக்க வைக்காதீர்கள். கணவரிடம் இரவுக் கணக்கைச் சொல்லுங்கள், கையை ஓங்கியதையும் சொல்லுங்கள். கைக்குட்டையை உங்களுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகாலை | டிசம்பர் 21, இரவு 9:30

நான்காவது திரி ஏற்றியாகிவிட்டது.

சகோதரரே, நீங்கள் சொன்னபடியே செய்தேன். குறிப்பேட்டை அப்படியே கணவர் கையில் கொடுத்தேன். ஓங்கிய கை வரைக்கும் எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இரவு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னால் தனியாக முடியாது" என்றார். கைக்குட்டையைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

அண்ணனோடும் பேசி முடித்தோம். மூன்று மாதம் அப்பா எங்களோடு இருப்பார். பகலில் நான் வேலையில் இருக்கும்போது பயிற்சி உள்ள ஒருவர் வருவார், அந்தச் செலவு அண்ணனுடையது. வாரக்கடைசி அவர் வந்து தங்குவார். மூன்று மாதம் கழித்து எல்லாரும் உட்கார்ந்து பார்ப்போம். முடியவில்லை என்றால் இல்லம். அப்போது யாரும் யாரையும் குறை சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம். மூன்று மாதம் என்று ஏன் சொன்னேன் என்று இரவுப்பணி சகோதரிக்குத் தெரியும்.

தெளிந்து தேர்தல் பற்றி எழுதிய சகோதரருக்கு: அப்பாவோடு இருந்த நாட்களையே அதற்கு எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குக் கூட்டிவருவதாக எண்ணிய நாட்களில் பயந்தேன், ஆனால் தூங்கினேன். மற்ற நாட்களில் பயம் குறைந்திருந்தது, தூக்கம் வரவில்லை.

இரவுப்பணி | டிசம்பர் 22, காலை 6:00

வெளிக்கதவுக்கு மேல்பக்கம், கண் எட்டாத உயரத்தில் இன்னொரு தாழ்ப்பாள் போடுங்கள். ஆனால் வீட்டில் ஆள் இல்லாமல் அவரை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் இரவெல்லாம் சிறு விளக்கு எரியட்டும். அம்மாவைக் கேட்டால், இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். அவருக்கு ஒவ்வொரு முறையும் அது புதிய சாவு. அம்மாவைப் பற்றி ஏதாவது சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

அதிகாலை | டிசம்பர் 24, மாலை 6:45

அப்பா வந்துவிட்டார். வாசலில் நின்று, "இது யார் வீடு?" என்று கேட்டார். உள்ளே வர மறுத்தார். அண்ணன் ஒரு கையையும் என் கணவர் ஒரு கையையும் பிடித்துக்கொண்டார்கள். சட்டைப் பையில் கைக்குட்டை புடைத்துக்கொண்டு இருந்தது. கணவர், "மாமா, அது என்ன?" என்றார். அப்பா யாருக்கும் காட்டவில்லை.

பதில்_இல்லை | டிசம்பர் 25, காலை 5:20

சகோதரி, அப்பா இரவு தூங்கினாரா?

அதிகாலை | டிசம்பர் 25, காலை 5:35

இரண்டு மணிக்கு எழுந்து வீடு முழுவதும் நடந்தார். கணவர் கூடவே நடந்தார். நான்கு மணிக்குப் படுத்தவர் இன்னும் எழவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் தூங்கினீர்களா?

பதில்_இல்லை | டிசம்பர் 25, காலை 5:41

இல்லை. மூன்று மணிக்கு விழித்திருந்தேன். அந்த நேரத்தில் அங்கே ஒரு சகோதரி ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று தெரியுமே.